விடலைச் சேவல்களைப் பிரிப்பதும் தெரிந்தெடுப்பதும்: யாழ்ப்பாணத்து வளவில் சண்டைச்சாதிக் கோழி

சண்டைச்சாதிக் கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குஞ்சுக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் "இந்தச் செம்புநிறத்தான்தான் என்ரை சேவல்" என்று முடிவெடுத்து விடுகிறார்கள். அதே ஆட்கள் கூடப்பிறந்த சேவல்கள் கொத்துப்பட்டு முகம் கிழியும்வரை எல்லாவற்றையும் ஒரே கூட்டில் விட்டு வைத்திருக்கிறார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். பிரிப்பதை முந்திச் செய்யுங்கள், தெரிந்தெடுப்பதைப் பிந்திச் செய்யுங்கள். கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான். அடைவைப்பு, தீன், மருந்து எல்லாம் அதற்குத் தேவையான அளவுக்கு வரும்.

சேவலை மோதவிடுவதற்காக இதை வாசிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கானது அல்ல. மிருகங்களைச் சண்டைக்கு விடுவது இந்த நாட்டில் குற்றம். 1907ஆம் ஆண்டிலேயே மிருகவதைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதோடு, சண்டைக்கு விடுகிறவன் கையில் ஒரு நல்ல சாதி நெடுநாள் நிற்பதும் இல்லை. நான் வளர்ப்பது அந்த உடம்புக்காக: நிமிர்ந்த நடை, உடலோடு ஒட்டிய இறகு, சின்னக் கொண்டை, தாடியே இல்லாத முகம், தடித்த கால். அசில் என்கிற சண்டைச்சாதியின் இரத்தம் கலந்த கோழி என்றால் ஊரில் எவருக்கும் பார்த்த உடனே தெரியும்.

எப்போது அடைவைப்பது

மாரி முடிந்து நிலம் காய்கிற தை, மாசிதான் நல்ல காலம். மாசியில் பொரித்த குஞ்சுக்கு ஆனியில் நாலு மாதம், ஐப்பசி மழை தொடங்கும்போது எட்டு மாதம். வளரும் வயது முழுவதும் காய்ந்த நிலத்தில் கழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பொரிக்க வைத்தால் ஈரம், நுளம்பு, அம்மை எல்லாம் ஒன்றாக வரும். வைக்காமல் விடுவதே நல்லது.

இந்தச் சாதிப் பேடு முட்டை குறைவாகத்தான் இடும், ஆனால் அடைகிடப்பதில் கெட்டிக்காரி. பெரிய உடம்பென்று அதிகம் திணிக்க வேண்டாம், 9 அல்லது 11 முட்டை போதும். ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பாருங்கள். சிலந்திக் கால் போல நரம்பு ஓடியிருந்தால் கரு பிடித்திருக்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். 21ஆம் நாள் பொரிக்கும். இடியில் முட்டை கூழாகிவிடும் என்று அம்மம்மா ஒரு இரும்புத் துண்டும் கரியும் அடைக்குள் வைப்பார். நானும் வைக்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.

எந்தக் குஞ்சு எந்தப் பேட்டின் முட்டையில் வந்தது என்பதை முதல் நாளிலேயே குறித்து வையுங்கள். இரண்டு பேட்டின் முட்டைகளைக் கலந்து வைப்பதென்றால் பென்சிலால் அடையாளம் போட்டு, பொரிக்கும் நாளில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குஞ்சின் காலில் நிற நூல் கட்டலாம், ஆனால் கிழமைக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டாவிட்டால் தோலுக்குள் இறங்கிவிடும். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று போதும்: பொரித்த திகதி, தாய், தகப்பன், நூலின் நிறம். பத்து மாதம் கழித்து இந்தக் கொப்பிதான் உங்களுக்காகக் கதைக்கும்.

முதல் எட்டுக் கிழமை

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் எந்த ஊர்க்கோழிக்கும் இதே கதைதான். முதல் மாதம் குஞ்சுத் தீன் கொடுங்கள். அரிசிக் குறுணலை மட்டும் போட்டு வளர்த்தால் கால் மெலியும். இந்தச் சாதியில் காலில்தான் எல்லாமே இருக்கிறது. கறையான் புற்று உடைத்துப் போட்டால் குஞ்சுகள் பறந்து வரும். பிறகு குறுணல், குரக்கன், எள்ளுப் பிண்ணாக்கு, அவித்த மீன்தலை, நறுக்கிய முருங்கை இலை என்று மெல்ல மாற்றலாம். உப்புக் கருவாடு வேண்டாம். கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் இருப்பவர்கள் தண்ணீரைக் கவனியுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரைப் பெரிய கோழி ஒருமாதிரிச் சமாளிக்கும், குஞ்சு சமாளிக்காது.

ராணிக்கெட் என்கிற கோழிக் கொள்ளைநோய்க்கான தடுப்பு மருந்தை முதல் கிழமையிலேயே கண்ணில் சொட்டாக விடலாம். பிறகு ஒரு மாதம் அளவில் மீண்டும். அம்மைக்குச் செட்டையில் குத்துவது 6 முதல் 8 கிழமைக்குள். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் மருந்து இருக்கும் நாளைக் கேட்டு, அக்கம்பக்கத்துக் கோழிகளையும் சேர்த்துப் போடுவது மலிவு. குப்பி பெரிது, மீதியை வைத்துப் பாவிக்க முடியாது. மூன்று கிழமைக்குப் பிறகு எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இரத்தக் கழிச்சல். நிலத்தின் ஈரம்தான் காரணமாக இருக்கும். மருந்தோடு உமியையும் மாற்றுங்கள்.

கீரி, காகம், பருந்து, நாய் பற்றி யாழ்ப்பாணத்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எது சேவல் என்று தெரியும் காலம்

ஆறு கிழமை அளவில் சில குஞ்சுகளின் கொண்டை மற்றவற்றைவிட முந்திச் சிவக்கும். இந்தச் சாதியில் கொண்டையே பயறு போலச் சிறிது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். காலின் தடிப்பு, நிற்கும் உயரம், வாலடியில் கூர்மையான இறகு முளைப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று மாதத்தில் தெளிவாகிவிடும். பத்துக் குஞ்சு வளர்ந்தால் பாதியளவு சேவலாக இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். அதாவது ஒரே அடையில் நாலைந்து விடலைகள். இவற்றுக்குத் தனிக் கூடு கட்ட இடமும் கம்பிவலையும் இருக்கிறதா என்பதை முட்டை வைக்கும்போதே யோசித்திருக்க வேண்டும். நான் முதல் வருடம் யோசிக்கவில்லை.

பிரிக்கும் நாள்

குஞ்சுகள் எட்டாம் கிழமையிலிருந்தே கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு எதிரெதிரே நிற்கும், துள்ளும். அது விளையாட்டு. சில விநாடிகளில் ஒன்று முகத்தைத் திருப்பும், மற்றது நிலத்தைக் கொத்தும், இரண்டும் ஒரே தட்டில் போய்த் தீன் தின்னும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. யார் முதல், யார் இரண்டாவது என்று அவை தங்களுக்குள் ஒழுங்கு போட்டுக்கொள்கின்றன.

மற்ற ஊர்க்கோழியில் அந்த ஒழுங்கு நிலைத்துவிடும். தோற்றது விலகிப் போகும், வென்றது விட்டுவிடும். சண்டைச்சாதியில் தோற்றதும் விலகாது, வென்றதும் விடாது. பிரச்சினை முழுவதும் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருக்கிறது. பெரும்பாலும் மூன்றரை மாதத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் இடையில் இந்த மாற்றம் வரும். சிலதில் அதற்கு முந்தியே வரும். அதனால் வயதை வைத்து நாள் குறிக்காமல் நடத்தையைப் பாருங்கள்.

பார்க்கவேண்டிய நேரம் விடியற்காலை. கூட்டைத் திறந்துவிட்ட முதல் கால்மணி நேரத்தில்தான் பாதிச் சண்டை நடக்கும். மழை விட்ட கையோடும் அப்படித்தான். தோற்றவன் ஓடிய பிறகும் வென்றவன் வளவின் மூலைவரை துரத்துகிறானா? அதே இரண்டு பேர் ஒரே நாளில் மூன்றாம் தடவையும் முகத்துக்கு முகம் நிற்கிறார்களா? தீன் போடும்போது ஒருவன் இறங்கி வராமல் பூவரச மரத்திலேயே நிற்கிறானா? பின்னேரம் கூட்டில் அடைக்கும்போது ஒவ்வொருவனின் தீன்பையையும் தொட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் உருண்டையாக இருக்க, ஒருவனுக்கு மட்டும் வெறும் தோலாகத் தொங்கினால், இரத்தம் தெரியாவிட்டாலும் அவன் அடி வாங்குகிறான் என்று பொருள். இதில் ஒன்று தெரிந்தாலே பிரிக்கலாம். கொண்டையில் இரத்தம் கண்டால் அன்று பின்னேரத்துக்கு முன்பே பிரித்தாக வேண்டும். இரத்தத்தைக் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும்.

இந்த நாளைக் கொஞ்சம் தள்ளிப் போட வழிகள் உண்டு. மூன்று மாதத்தில் பேட்டுக் குஞ்சுகளை வேறு பக்கம் மாற்றுங்கள். பேடு கண்ணில் படாவிட்டால் சூடு குறையும். தீனை ஒரே இடத்தில் கொட்டாமல் நாலைந்து இடத்தில் போடுங்கள். நடுவில் பழைய கிடுகு இரண்டைச் சாய்த்து வைத்தால் துரத்தப்படுகிறவனுக்கு மறைய ஒரு இடம் கிடைக்கும். முதிர்ந்த சேவல் ஒன்று கூட்டத்தில் இருந்தால் அது இடையில் புகுந்து விடலைகளைக் கலைத்துவிடும். எங்கள் கிழட்டுச் சேவல் இரண்டு வருடம் இந்த வேலையை ஒரு விதானையார் போலச் செய்தது. ஆனால் விடலைகள் கூவத் தொடங்கியதும் தகப்பனே அவர்கள்மேல் பாயலாம். அப்போது அதையும் எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி: எடுத்ததைத் திரும்ப விடாதீர்கள். இதை நான் ஒரு கண்ணைக் கொடுத்துப் படித்தேன், என் கண் அல்ல. கறுப்பு நூல், சிவப்பு நூல் என்று இரண்டு சகோதரர்கள். நாலு மாதம் ஒரே தடியில் தோளோடு தோள் படுத்தவர்கள். சிவப்பு நூலுக்கு முகத்தில் அம்மைக் கொப்புளம் வந்தது. குசினிப் பக்கம் கரப்பைக் கவிழ்த்து, அதற்குள் மூன்று நாள் வைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். நாலாம் நாள் காலை, முகம் காய்ந்துவிட்டதே என்று பழைய இடத்தில் கொண்டுபோய் விட்டேன். கறுப்பு நூல் தலையைத் தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தது. அந்தப் பார்வையில் அடையாளம் தெரிந்த மாதிரியே இல்லை. நான் வாளியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டும் காற்றில் நின்றன. சாக்கைப் போட்டுப் பிடித்தபோது சிவப்பு நூலின் இடது கண் போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பல் தீட்டிக்கொண்டு நின்ற அயல்வீட்டு ஐயா சொன்னார்: "தம்பி, மூண்டு நாள் காணாட்டி அவைக்கு அவன் பிறத்தியான். இனி ஒட்டாது, தனிய விடு."

நோய்க்காக எடுத்தாலும், அயலவருக்குக் காட்ட எடுத்தாலும், சந்தைக்குக் கொண்டுபோய் விற்காமல் திருப்பிக் கொண்டு வந்தாலும் இதே கதைதான். ஒரு நாள் பிரிவே போதும்.

சண்டை பிடித்துவிட்டால் வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஈரச் சாக்கையோ துவாயையோ இரண்டின்மேலும் எறிந்தால் இருட்டில் நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கலாம். காயத்தை ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, இலையான் படாத இடத்தில் தனியே வையுங்கள். கண் மூடியிருந்தாலோ தலையில் ஆழமாகக் குத்துப்பட்டிருந்தாலோ கைவைத்தியத்தோடு நிற்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள்.

தனிக் கூடு

பத்தாம் கிழமையிலேயே கூடுகளைத் தயாராக வைத்திருங்கள். சண்டை தொடங்கிய பிறகு கம்பிவலை வாங்க ஓடுவது தாமதம். ஒரு சேவலுக்கு 6 அடிக்கு 4 அடி, நாம் உள்ளே நிமிர்ந்து நடக்க 6 அடி உயரம் இருந்தால் வசதி. நிலத்தில் காய்ந்த மணல் போடுங்கள், ஒரு மூலையில் சாம்பல் கலந்த புழுதி வையுங்கள். சேவல் அதில் புழுதி குளித்துச் செள்ளைத் தானே குறைத்துக்கொள்ளும். படுக்கும் தடி ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். பாரமான கோழி உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் அடிபட்டு, உள்ளே ஆணி போலக் கட்டி வைக்கும். அது மாறுவது பெரும்பாடு.

அடுத்தடுத்த கூடுகளுக்கு இடையே கீழிருந்து மூன்று அடிக்கு மறைப்பு கட்டாயம். வெறும் கம்பிவலை என்றால் இரண்டும் நாள் முழுக்க வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, வலைக்குள்ளால் கொத்தி, சொண்டும் முகமும் புண்ணாகும், உடம்பும் மெலியும். நம்மிடம் இதற்குப் பனையோலையும் கிடுகும் இருக்கின்றன. காற்றும் போகும், கண்ணும் மறையும். வேலியெல்லாம் மதிலாகிவிட்ட இந்தக் காலத்தில் கிடுகு பின்னுகிறவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். தகரம் அடித்தால் சித்திரை வெயிலில் கூடு அடுப்பாகிவிடும்.

காலில் கயிறு போட்டு மரத்தடியில் கட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. ஆள் பக்கத்தில் நிற்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சரி. கட்டிவிட்டு வேலைக்குப் போனால் நாய்க்கும் கீரிக்கும் நீங்களே படையல் வைத்த மாதிரி.

பிரித்த முதல் இரண்டு நாள் சேவல் தீன் குறைவாகத் தின்னும், உலாவிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம். முதிர்ந்த பேடு ஒன்றைத் துணைக்கு விட்டால் சீக்கிரம் அடங்கும். ஒவ்வொரு சேவலையும் முறை வைத்து வளவில் திறந்துவிடுங்கள், இன்று காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. கூட்டிலேயே வளர்ந்த சேவலின் காலைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது.

தெரிவு

பிரித்தாயிற்று. இப்போது அவசரம் இல்லை. நிறத்தை மறந்துவிடுங்கள். மூன்று மாதத்தில் இருக்கும் நிறம் முதல் முழு இறகு மாற்றத்துக்குப் பிறகு இருக்காது. கண்ணும் அப்படித்தான்: இந்தச் சாதியில் குஞ்சில் கலங்கலாக இருக்கும் கண் வயது ஏற ஏற வெளிறி முத்து நிறத்துக்கு வரும். நாலு மாதத்தில் "கண் சரியில்லை" என்று கறிக்கு விற்ற சேவலின் தம்பி, ஒன்றரை வயதில் முத்துக் கண்ணோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

நாலு மாதத்தில் ஒதுக்கக் கூடியவை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் குறைகள் மட்டுமே: கோணிய சொண்டு, வளைந்த விரல், ஒரு பக்கமாகத் திரும்பிய வால், முன்பக்கம் திரும்பிவிட்ட பின்விரல், மூச்சில் கரகரப்பு. இவை இனப்பெருக்கத்துக்கு வேண்டாம்.

எட்டு மாதத்தில் கையில் தூக்கிப் பாருங்கள். இரவில், கூட்டிலிருந்து அமைதியாக எடுப்பது நல்லது. ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்தால் பாரம் முன்னுக்கு விழ வேண்டும், பின்பக்கம் கனத்தால் கொழுப்பு. நெஞ்செலும்பை விரலால் தடவிப் பாருங்கள், நேராக ஓட வேண்டும். செட்டையை விரித்து இறகு முறிந்திருக்கிறதா, அடியில் செள் இருக்கிறதா என்று பாருங்கள். காலின் செதில் ஒட்டியிருக்க வேண்டும். எழும்பிச் சொரசொரப்பாக இருந்தால் செதிலுக்குள் உண்ணி. தேங்காயெண்ணெய் தொடர்ந்து பூசினால் மாறும், அதற்காகச் சேவலைத் தள்ள வேண்டாம். பிறகு நிலத்தில் விட்டு, எதிரே நின்று பாருங்கள். இரண்டு காலும் தோளகலத்துக்கு விரிந்து நேராக நிற்க வேண்டும். முழங்கால் உள்ளே ஒட்டி நின்றால் அது அப்படியே குஞ்சுக்கும் போகும்.

குணம். மனிதனைக் கொத்தும் சேவலை "வீரம்" என்று வைத்திருக்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நல்ல அசில் மனிதரிடம் சாதுவாக நிற்கும், கையில் தூக்கினால் தூங்கிவிடும். தண்ணீர் வைக்கப் போகிற பிள்ளையின் முகத்துக்குப் பாய்கிற சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் வளவில் குஞ்சு தராது.

இங்கே கொப்பியை எடுங்கள். இரண்டு விடலைகள் சமமாக நின்றால் தாயைப் பார்த்துத் தீர்மானியுங்கள். எந்தப் பேடு அடையை விட்டு எழும்பாமல் கிடந்தது? எது பொரித்த குஞ்சுகளில் அதிகம் தப்பி வளர்ந்தது? மழைக்காலத்தில் எந்த அடையின் பிள்ளைகள் மூக்கடைக்காமல் நின்றன? சேவலின் தோற்றத்தை எல்லோரும் பார்ப்பார்கள், அதன் தாயின் கணக்கு உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அதுபோல, ஒரே அடையில் வந்த சேவலையும் பேட்டையும் சோடி சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று தலைமுறை அப்படிப் போனால் முட்டை பொரிக்காது, பொரித்ததும் சோம்பும்.

கடைசி முடிவு ஒரு வயதில். ஒரு மாரியைத் தாண்டிய உடம்புதான் உண்மையைச் சொல்லும். ஐந்து விடலைகளில் நான் இரண்டை வைத்திருப்பேன், ஒன்று என்னிடம், மற்றது வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம். ராணிக்கெட் ஒரு வளவில் புகுந்தால் கணக்குப் பார்க்காது. உங்கள் சேவல் சுன்னாகத்திலும் அதன் தம்பி கொடிகாமத்திலும் நின்றால் சாதி தப்பும்.

மிச்சம் மூன்றும் கறிக்கு. ஊர்க்கோழிக்கு எப்போதும் ஆள் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூச்சி மருந்தோ வேறு மருந்தோ கொடுத்திருந்தால் அதற்குச் சொன்ன நாள் கழியாமல் விற்க வேண்டாம். வாங்க வருகிறவர் இறைச்சி நிறையைக் கேட்காமல் காலையும் கழுத்தையும் மட்டும் தடவிப் பார்த்தால் எதற்கு வாங்குகிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள். நான் "விற்கேல்லை அண்ணை" என்று சொல்லிவிடுவேன்.

தெரிந்தெடுத்த சேவலைப் பேடுகளோடு சேர்ப்பது இரவில். நாலைந்து பேடு போதும், இந்தப் பாரமான சாதிக்கு அதற்கு மேல் வேண்டாம். இருட்டிய பிறகு தடியில் அவற்றின் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு, விடிய முதல் ஆளாகப் போய்க் கூட்டுக்கு வெளியே நில்லுங்கள். கையில் ஒரு சாக்கும் இருக்கட்டும், ஏனென்றால் சில பேடுகளும் இதே இரத்தம்தான்.